சிறுதொழில்களுக்கான இலவச சமூக ஊடகக் கருவிகள்

சிறுதொழில்களுக்கான இலவச சமூக ஊடகக் கருவிகள் எனப்படுபவை, சிறு வணிகர்களும் கைத்தொழில் செய்வோரும் தம் பொருட்களையும் சேவைகளையும் கட்டணம் செலுத்தாமல் இணையத்தில் அறிமுகப்படுத்தவும், வாடிக்கையாளர்களுடன் தொடர்பு கொள்ளவும் பயன்படுத்தும் இணையச் சேவைகளும் செயலிகளும் ஆகும். பேஸ்புக் பக்கம், இன்ஸ்டாகிராம் தொழில்முறைக் கணக்கு, வாட்சப் வணிகச் செயலி, கூகுள் வணிக விவரப்பக்கம், யூடியூப் அலைவரிசை ஆகியன இவற்றுள் பரவலாக அறியப்பட்டவை. பதிவுகளை முன்கூட்டியே திட்டமிட உதவும் பஃபர், படங்களை வடிவமைக்க உதவும் கேன்வா போன்ற துணைக் கருவிகளும் இவ்வகையில் அடங்கும்.

விளம்பரத்திற்கெனத் தனியே பணம் ஒதுக்க இயலாத ஒரு தையற்கடையோ தின்பண்டக் கடையோ, செய்தித்தாளிலோ தொலைக்காட்சியிலோ விளம்பரம் செய்யாமலே தன் ஊருக்கு அப்பால் உள்ளவர்களையும் சென்றடைய இக்கருவிகள் வழி செய்தன. ஆயினும் இலவசம் என்பது செலவே இல்லை என்று பொருள்படாது. இக்கருவிகளைப் பயன்படுத்துவோர் பணத்திற்குப் பதிலாக நேரத்தையும், வாடிக்கையாளர் பற்றிய தரவுகளையும், தம் வணிகத்தின் மீதான கட்டுப்பாட்டின் ஒரு பகுதியையும் அளிக்கின்றனர். சேவையை நடத்தும் நிறுவனம் விதிகளை மாற்றும்போதோ சேவையை நிறுத்தும்போதோ, அதனை மட்டுமே நம்பியிருந்த சிறுவணிகர் வாடிக்கையாளர் தொடர்பையே இழக்க நேரிடும்.

வரையறை

சிறுதொழில் என்பதற்கான வரையறை நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இந்தியாவில் ஏப்ரல் 1, 2025 முதல் நடைமுறையில் உள்ள வகைப்பாட்டின்படி, 2.5 கோடி ரூபாய்க்கு மேற்படாத முதலீடும் 10 கோடி ரூபாய்க்கு மேற்படாத ஆண்டு விற்றுமுதலும் கொண்டவை குறுந்தொழில்கள் ஆகும். 25 கோடி ரூபாய்க்கு மேற்படாத முதலீடும் 100 கோடி ரூபாய்க்கு மேற்படாத விற்றுமுதலும் கொண்டவை சிறுதொழில்கள் ஆகும். இக்கட்டுரையில் சிறுதொழில் என்னும் சொல், உரிமையாளரே விற்பனையையும் விளம்பரத்தையும் கவனித்துக்கொள்ளும் கடைகள், பட்டறைகள், வீட்டுத் தொழில்கள் ஆகியவற்றைக் குறிக்கப் பயன்படுத்தப்படுகிறது.

இலவசம் என்னும் சொல்லும் இங்கு மூன்று வெவ்வேறு பொருள்களில் வழங்குகிறது.

1. விளம்பர வருவாயால் இயங்கும் இலவசம்: பேஸ்புக், இன்ஸ்டாகிராம், யூடியூப் போன்றவை பயனரிடம் கட்டணம் பெறாமல், பயனரின் கவனத்தை விளம்பரதாரருக்கு விற்று வருவாய் ஈட்டுகின்றன.

2. அடிப்படை இலவசம்: குறைந்த அளவிலான வசதிகளை இலவசமாகத் தந்து, கூடுதல் வசதிகளுக்குக் கட்டணம் பெறும் முறை. ஆங்கிலத்தில் ஃபிரீமியம் எனப்படும் இம்முறைக்கு அப்பெயர் 2006 ஆம் ஆண்டில் வழக்கிற்கு வந்தது. பஃபர், கேன்வா ஆகியவை இம்முறையில் இயங்குகின்றன.

3. கட்டற்ற மென்பொருள்: எவரும் பயன்படுத்தவும், ஆராயவும், மாற்றவும், பகிரவும் உரிமை அளிக்கும் மென்பொருள். படங்களைத் திருத்த உதவும் கிம்ப், வரைகலைக்கான இங்க்ஸ்கேப், வலைத்தளம் அமைக்க உதவும் வேர்ட்பிரசு ஆகியன எடுத்துக்காட்டுகள்.

முதல் இரண்டு வகைகளில் இலவசம் என்பது விலையை மட்டுமே குறிக்கிறது. நிறுவனம் விரும்பும்போது அதனைத் திரும்பப் பெறலாம். மூன்றாவது வகையில் அது உரிமையைக் குறிக்கிறது. உருவாக்கியவர்கள் பணியை நிறுத்தினாலும், தரவிறக்கிய மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்த இயலும். இலவசம் வேறு, கட்டற்றது வேறு என்னும் இவ்வேறுபாடு சிறுவணிகருக்கு நடைமுறையில் பெரிதும் முக்கியமானதாகும்.

வரலாறு

இணையத்திற்கு முன் சிறுவணிகர்கள் துண்டுப்பிரசுரம், சுவர் விளம்பரம், உள்ளூர்த் தொலைபேசி விவரத்திரட்டு, வாய்மொழிப் பரிந்துரை ஆகியவற்றையே பெரிதும் நம்பியிருந்தனர். இணையம் பரவிய முதல் ஆண்டுகளில் சொந்த வலைத்தளம் அமைப்பதற்குத் தொழில்நுட்ப அறிவும் ஆண்டுக் கட்டணமும் தேவைப்பட்டமையால், பெரும்பாலான சிறுகடைகள் இணையத்திற்கு வெளியிலேயே இருந்தன.

2005 ஆம் ஆண்டில் கூகுள் நிறுவனம், கடை உரிமையாளர்கள் தம் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தாமே நிலப்படத்தில் சேர்க்க வழி செய்யும் சேவையைத் தொடங்கியது. இச்சேவை பலமுறை பெயர் மாறி, 2014 இல் கூகுள் மை பிசினஸ் எனவும், 2021 இல் கூகுள் வணிக விவரப்பக்கம் எனவும் ஆனது.

பேஸ்புக் செப்டம்பர் 2006 இல் பொதுமக்கள் அனைவருக்கும் திறந்துவிடப்பட்டது. நவம்பர் 6, 2007 அன்று வணிக நிறுவனங்களுக்கான பக்கங்களையும், அவற்றுடன் சேர்த்தே விளம்பர விற்பனை முறையையும் அது அறிமுகப்படுத்தியது. இலவசப் பக்கமும் இவ்விளம்பர விற்பனை முறையும் ஒரே நாளில் அறிமுகமானவை என்பது கவனிக்கத்தக்கது.

2006 இல் தொடங்கப்பட்ட டுவிட்டரை ஒட்டிப் பல துணைக் கருவிகள் உருவாயின. பல கணக்குகளை ஒரே திரையில் காட்டும் டுவீட்டெக், கனடாவின் வான்கூவர் நகரில் தோன்றிய ஹூட்சூட் ஆகிய இரண்டும் 2008 இல் வெளிவந்தன. பதிவுகளைக் குறித்த நேரத்தில் வெளியிடும் பஃபர் 2010 இல் வெளிவந்தது. அதே ஆண்டு அக்டோபரில் இன்ஸ்டாகிராம் தொடங்கப்பட்டது. 2012 இல் அதனைப் பேஸ்புக் நிறுவனம் ஏறத்தாழ 100 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. வணிகர்களுக்கான தனிக் கணக்கு வகை இன்ஸ்டாகிராமில் 2016 இல் சேர்க்கப்பட்டது. ஆத்திரேலியாவில் உருவான கேன்வா 2013 இல் வெளிவந்தது.

2009 இல் நிறுவப்பட்ட வாட்சப்பை வாங்குவதாகப் பேஸ்புக் 2014 இல் அறிவித்தது. சிறுவணிகர்களுக்கான தனிச் செயலியான வாட்சப் பிசினஸ் சனவரி 2018 இல் வெளியிடப்பட்டது. விற்பனைப் பொருட்களைப் படத்துடனும் விலையுடனும் காட்டும் பொருட்பட்டியல் வசதி நவம்பர் 2019 இல் சேர்ந்தது. 2020 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இச்செயலியை உலக அளவில் 5 கோடிக்கும் மேற்பட்டோர் பயன்படுத்துவதாகவும், அவர்களுள் 1.5 கோடிக்கும் மேற்பட்டோர் இந்தியாவில் உள்ளதாகவும் அந்நிறுவனம் அறிவித்தது. கொரோனா பெருந்தொற்றின் ஊரடங்குக் காலத்தில், கடைகளைத் திறக்க இயலாத வணிகர் பலர் இக்கருவிகளின் பக்கம் திரும்பினர். பேஸ்புக் நிறுவனம் அக்டோபர் 2021 இல் மெட்டா எனப் பெயர் மாற்றம் பெற்றது.

வகைகள்

கண்டறியச் செய்யும் கருவிகள்

ஒரு பொருளையோ சேவையையோ தேடும் ஒருவருக்கு அருகிலுள்ள கடையைக் காட்டுபவை இவை. கூகுள் வணிக விவரப்பக்கத்தில் கடையின் பெயர், தொழில் வகை, முகவரி, திறக்கும் நேரம், தொலைபேசி எண், படங்கள் ஆகியவற்றைச் சேர்க்கலாம். பதிவு செய்பவர் உண்மையான உரிமையாளர்தானா என்பதை அஞ்சலட்டை, தொலைபேசி, நிகழ்படம் ஆகியவற்றுள் ஒன்றின் வாயிலாகக் கூகுள் சரிபார்க்கிறது. தேடல் முடிவுகளின் வரிசை மூன்று காரணிகளால் அமைவதாகக் கூகுள் கூறுகிறது. அவை தேடலுக்கும் கடைக்கும் உள்ள பொருத்தம், தேடுபவரிடமிருந்து கடையின் தொலைவு, கடை எந்த அளவுக்கு அறியப்பட்டது என்பன. ஆகவே தொழில் வகையைச் சரியாகத் தேர்வதும், நேரத்தையும் விடுமுறை நாட்களையும் பிழையின்றி வைத்திருப்பதும் செலவில்லாத பயனுள்ள பணிகள் ஆகும்.

மைக்ரோசாப்டின் பிங், ஆப்பிள் நிலப்படம் ஆகியவற்றிலும் இதையொத்த இலவசப் பதிவு வசதி உண்டு. 2004 இல் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்களால் உருவாக்கப்படும் கட்டற்ற நிலப்படம் ஆகும். அதில் ஒரு கடையின் இருப்பிடத்தை எவரும் குறிக்கலாம். அத்தரவைப் பல செயலிகள் பயன்படுத்துகின்றன.

பக்கங்களும் அலைவரிசைகளும்

பேஸ்புக்கில் ஒரு வணிகப் பக்கத்தைத் தொடங்க, நிருவாகி ஒருவரின் தனிக் கணக்கு தேவை. தனிக் கணக்கையே கடையின் பெயரில் நடத்துவது அத்தளத்தின் விதிகளுக்கு முரணானது. மேலும் தனிக் கணக்கில் நண்பர்களின் எண்ணிக்கை 5,000 என்னும் வரம்புக்கு உட்பட்டது. பக்கத்தைப் பின்தொடர்வோருக்கு அத்தகைய வரம்பு இல்லை.

இன்ஸ்டாகிராம் படங்களையும் குறும் நிகழ்படங்களையும் முதன்மையாகக் கொண்டது. ஆடை, அணிகலன், கேக்கு, செடிகள் போன்று கண்ணால் கண்டு தேர்வு செய்யப்படும் பொருட்களுக்கு இது ஏற்றது. பதிவின் விளக்க உரையில் தரப்படும் இணைய முகவரி சொடுக்கக்கூடிய இணைப்பாக இயங்காது. ஆகையால் வணிகர்கள் கணக்கின் தன்விவரப் பகுதியில் இணைப்பைத் தருவது வழக்கம். 2023 முதல் அப்பகுதியில் ஐந்து இணைப்புகள் வரை தரலாம்.

யூடியூப் நிகழ்படங்கள் பிற தளங்களின் பதிவுகளைக் காட்டிலும் நீண்ட காலம் தேடலில் கிடைப்பவை. ஒரு தையல் இயந்திரத்தைப் பழுது பார்க்கும் முறையையோ, பட்டுச் சேலையைப் பாதுகாக்கும் முறையையோ விளக்கும் நிகழ்படம், வெளியிட்டுச் சில ஆண்டுகள் கழிந்த பின்னும் புதிய வாடிக்கையாளரைக் கொண்டுவரக்கூடும்.

உரையாடல் கருவிகள்

வாட்சப் வணிகச் செயலியில் கடையின் முகவரி, வேலை நேரம் ஆகியவற்றைக் கொண்ட விவரப்பக்கம், தானியங்கி வரவேற்புச் செய்தி, கடை மூடிய நேரத்தில் செல்லும் மறுமொழி, அடிக்கடி கேட்கப்படும் வினாக்களுக்கான விரைவு விடைகள், உரையாடல்களை வகைப்படுத்தும் அடையாளச் சீட்டுகள், பொருட்பட்டியல் ஆகிய வசதிகள் உள்ளன. புதிய கேட்பு, பணம் வரவேண்டியது, அனுப்பப்பட்டது என உரையாடல்களைப் பிரித்து வைத்தால், தனிக் கணக்குப் புத்தகம் இல்லாமலே கேட்புகளின் நிலையை அறியலாம்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியே அனுப்பும் ஒலிபரப்புப் பட்டியல் வசதியும் உண்டு. கடையின் எண்ணைத் தம் தொலைபேசியில் சேமித்து வைத்திருப்போருக்கு மட்டுமே அச்செய்தி சென்றடையும் என்பது அதன் நெடுங்கால விதியாகும். வேண்டாதவர்களுக்குச் செய்தி அனுப்புவதை இது ஓரளவு தடுக்கிறது. பெரிய நிறுவனங்கள் தம் கணினி அமைப்புகளுடன் இணைத்துப் பயன்படுத்தும் வாட்சப் சேவை ஆகத்து 2018 இல் அறிமுகமானது. அது கட்டணச் சேவையாகும். செயலி இலவசமாகத் தொடர்வதற்கு இத்தகைய கட்டணச் சேவைகளும் விளம்பரங்களும் ஈட்டும் வருவாய் துணை நிற்கிறது.

வடிவமைப்புக் கருவிகள்

கேன்வா ஆயத்த வார்ப்புருக்களைத் தருவதால், வரைகலைப் பயிற்சி இல்லாதவரும் விலைப்பட்டியல், பண்டிகை வாழ்த்து, அறிவிப்பு ஆகியவற்றை உருவாக்கலாம். இலவசக் கணக்கில் சில படங்களும் வசதிகளும் கிடைப்பதில்லை. கிம்ப், இங்க்ஸ்கேப் ஆகியவற்றைக் கற்பதற்குக் கூடுதல் நேரம் தேவைப்படினும், அவற்றில் எல்லா வசதிகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. தமிழ் எழுத்துகளைப் பயன்படுத்துவோர் ஒருங்குறி எழுத்துருக்களைத் தேர்வது நன்று. பழைய எழுத்துருக் குறியாக்கங்களில் தட்டச்சு செய்த உரையை வேறு கருவிக்கு மாற்றும்போது எழுத்துகள் சிதையும். மேலும் விலை, முகவரி ஆகியவற்றைப் படத்திற்குள் மட்டும் எழுதாமல் பதிவின் உரையிலும் எழுதினால், தேடுபொறிகளும் பார்வைக் குறைபாடு உடையோர் பயன்படுத்தும் திரைபடிப்பான்களும் அதனை எளிதில் படிக்க இயலும்.

திட்டமிடலும் அளவீடும்

மெட்டா பிசினஸ் சூட் என்னும் கருவி, பேஸ்புக், இன்ஸ்டாகிராம் ஆகிய இரண்டிலும் வெளியிட வேண்டிய பதிவுகளை முன்கூட்டியே நேரம் குறித்து வைக்கவும், இரண்டிற்கும் வரும் செய்திகளை ஒரே இடத்தில் பார்க்கவும் கட்டணமின்றி உதவுகிறது. பஃபரின் இலவசத் திட்டத்தில் மூன்று கணக்குகளை இணைத்து, ஒவ்வொன்றிற்கும் பத்துப் பதிவுகள் வரை வரிசையில் வைக்கலாம்.

பதிவுகளின் பயனை அறிய இத்தளங்கள் புள்ளிவிவரங்களைத் தருகின்றன. இவற்றில் வீச்சு என்பது ஒரு பதிவைக் கண்ட தனி நபர்களின் எண்ணிக்கையையும், ஈடுபாடு என்பது விருப்பம், கருத்து, பகிர்வு முதலிய செயல்களையும் குறிக்கும். இவை விற்பனையின் அளவுகோல்கள் அல்ல. ஆயிரம் விருப்பங்களைப் பெற்ற பதிவு ஒரு பொருளைக்கூட விற்காமல் போகலாம். கடைக்கு வருபவரிடம் கடையைப் பற்றி எவ்வாறு அறிந்தீர்கள் எனக் கேட்டு ஓர் ஏட்டில் குறித்து வைப்பது, எந்தக் கருவி பயன் தருகிறது என்பதை அறியும் எளிய முறையாகும்.

இயங்கும் முறை

சமூக ஊடக நிறுவனங்களின் வருவாயில் பெரும்பகுதி விளம்பரங்களிலிருந்து வருகிறது. மெட்டா நிறுவனத்தின் 2023 ஆம் ஆண்டு வருவாயில் 97 சதவீதத்திற்கும் மேற்பட்டது விளம்பர வருவாயே ஆகும். பயனர் தளத்தில் செலவிடும் நேரம் கூடக்கூட, விளம்பரம் காட்டும் வாய்ப்பும் கூடுகிறது. ஆகையால் பயனரை நெடுநேரம் தளத்தில் இருத்தும் பதிவுகளுக்கு முன்னுரிமை அளிக்கும் வகையில், அல்காரிதம் எனப்படும் தானியங்கித் தெரிவு முறை வடிவமைக்கப்படுகிறது.

ஒரு பக்கத்தைப் பின்தொடரும் அனைவருக்கும் அதன் ஒவ்வொரு பதிவும் காட்டப்படுவதில்லை. பணம் செலுத்தாமல் ஒரு பதிவு பெறும் வீச்சு இயல்பான வீச்சு எனப்படுகிறது. பதிவுகளின் எண்ணிக்கை பெருகியதாலும், தெரிவு முறை மாற்றப்பட்டதாலும் பேஸ்புக்கில் இயல்பான வீச்சு 2012 முதல் 2014 வரை பெரிதும் குறைந்தது. பெரும் வணிகப் பெயர்களின் பக்கங்களை ஆராய்ந்த ஓகில்வி விளம்பர நிறுவனம், அக்டோபர் 2013 இல் ஏறத்தாழ 12 சதவீதமாக இருந்த சராசரி வீச்சு பிப்ரவரி 2014 இல் ஏறத்தாழ 6 சதவீதமாகக் குறைந்ததாகக் கணக்கிட்டது. சனவரி 2018 இல் பேஸ்புக்கின் தலைவர் மார்க் சக்கர்பெர்க், நண்பர்கள், குடும்பத்தினர் ஆகியோரின் பதிவுகளுக்கு முன்னுரிமை அளிக்கப்படும் எனவும், வணிகப் பக்கங்களின் பதிவுகள் குறைவாகக் காட்டப்படும் எனவும் அறிவித்தார்.

இதன் விளைவை ஒரு கணக்கால் விளக்கலாம். ஒரு தின்பண்டக் கடையின் பக்கத்தை 1,000 பேர் பின்தொடர்வதாகக் கொள்வோம். இயல்பான வீச்சு 6 சதவீதமானால், தீபாவளிப் பலகாரங்களுக்கான முன்பதிவு அறிவிப்பை 60 பேர் மட்டுமே காண்பர். எஞ்சிய 940 பேரை அடைய விளம்பரக் கட்டணம் செலுத்த வேண்டும். அதாவது தன் முயற்சியால் திரட்டிய வாடிக்கையாளரையே மீண்டும் பணம் கொடுத்து அடைய வேண்டிய நிலை ஏற்படுகிறது. அதே கடையின் எண்ணைச் சேமித்து வைத்துள்ள 150 வாடிக்கையாளர்களின் பட்டியல் கடைக்காரரிடம் இருப்பின், அறிவிப்பு அந்த 150 பேரின் தொலைபேசிக்கும் நேரடியாகச் செல்லும். ஆகவே பின்தொடர்வோரின் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஒரு கடையின் உண்மையான சென்றடைவை மதிப்பிட இயலாது.

நன்மைகள்

- தொடக்க முதலீடு தேவையில்லை. ஒரு திறன்பேசியும் இணைய இணைப்பும் போதுமானவை.
- வீட்டிலிருந்தே தொழில் செய்யும் பெண்கள் கடை வாடகையின்றி விற்பனை செய்ய இயலுகிறது. இந்தியாவில் சேலைகளின் படங்களை வாட்சப் குழுக்களில் பகிர்ந்து, கேட்பு வந்த பின் மொத்த வணிகரிடமிருந்து நேரடியாக அனுப்பச் செய்யும் மறுவிற்பனை முறை பரவலாக உள்ளது. 2015 இல் தொடங்கப்பட்ட மீசோ நிறுவனம் இத்தகைய மறுவிற்பனையாளர்களைக் கொண்டே வளர்ந்தது.
- வாடிக்கையாளரின் கருத்தை உடனுக்குடன் அறிந்து பொருளைத் திருத்திக்கொள்ள இயலும்.
- தமிழ் உள்ளிட்ட வட்டார மொழிகளில் விளம்பரம் செய்வதற்குக் கூடுதல் செலவு ஏற்படுவதில்லை.
- ஊரை விட்டு அகன்று வாழ்வோர் தம் ஊர்ப் பொருட்களை நேரடியாகக் கேட்டுப் பெற இயலும்.

மறைமுகச் செலவுகள்

நேரம்: படம் எடுத்தல், எழுதுதல், கேள்விகளுக்கு விடையளித்தல் ஆகியவற்றிற்கு வாரத்திற்கு 5 மணி நேரம் செலவாகுமாயின், அது ஆண்டுக்கு 260 மணி நேரம் ஆகும். நாளொன்றுக்கு 8 மணி நேரம் எனக் கணக்கிட்டால் இது 32 வேலை நாட்களுக்கும் மேற்பட்டது. தனியாளாக நடத்தப்படும் தொழிலில் இது உற்பத்தியிலிருந்து எடுக்கப்படும் நேரமாகும்.

தரவு: வாடிக்கையாளர் யார், எதனை விரும்புகின்றனர், எப்போது வாங்குகின்றனர் என்னும் தகவல்கள் தளத்தை நடத்தும் நிறுவனத்திடம் சேர்கின்றன. அத்தகவலின் துணையுடன் அதே வாடிக்கையாளருக்குப் போட்டி வணிகரின் விளம்பரமும் காட்டப்படலாம்.

சார்பு: ஒரே தளத்தில் வணிகம் முழுவதையும் நடத்துவது, பிறர் வீட்டுத் திண்ணையில் வாடகையின்றிக் கடை விரிப்பதை ஒத்தது. திண்ணைக்கு உரியவர் கதவடைத்தால் முறையிட வேறிடம் இல்லை. கணக்கு தவறுதலாக முடக்கப்படும்போது, அதனை மீட்பதற்கான வழிகள் பெரும்பாலும் தானியங்கி முறையில் அமைந்திருப்பதால், சிறுவணிகர் நாட்கணக்கில் காத்திருக்க நேரிடலாம்.

நிறுத்தப்பட்ட சேவைகளும் தடைகளும்

இச்சார்பின் விளைவுகளைக் கீழ்க்காணும் நிகழ்வுகள் காட்டுகின்றன.

- செப்டம்பர் 30, 2014: இந்தியாவிலும் பிரேசிலிலும் புகழ்பெற்றிருந்த ஆர்க்குட் மூடப்பட்டது.
- சனவரி 2017: குறும் நிகழ்படங்களுக்கான வைன் மூடப்பட்டது.
- ஏப்ரல் 2, 2019: பொதுப் பயனர்களுக்கான கூகுள் பிளஸ் மூடப்பட்டது. வணிகர்கள் அதில் உருவாக்கியிருந்த பக்கங்களும் நீக்கப்பட்டன.
- சூன் 29, 2020: இந்திய அரசு டிக்டாக் உள்ளிட்ட 59 செயலிகளைத் தடை செய்தது. அதில் வாடிக்கையாளரைத் திரட்டியிருந்த வணிகர்கள் வேறு தளங்களில் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று.
- அக்டோபர் 4, 2021: கட்டமைப்புப் பிழை ஒன்றினால் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்சப் ஆகிய மூன்றும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் இயங்கவில்லை. மூன்றும் ஒரே நிறுவனத்துக்கு உரியவை ஆகையால், மூன்றிலும் கணக்கு வைத்திருந்ததும் மாற்று வழியாக அமையவில்லை.
- மார்ச் 31, 2023: ஹூட்சூட் தன் இலவசத் திட்டத்தை நிறுத்தியது.
- ஆகத்து 2023: எக்ஸ் எனப் பெயர் மாறிய டுவிட்டர், அதுவரை இலவசமாக இருந்த டுவீட்டெக்கைக் கட்டணப் பயனருக்கு மட்டும் உரியதாக்கியது.
- மார்ச் 2024: கூகுள் வணிக விவரப்பக்கத்தின் வாயிலாக உருவாக்கப்பட்ட இலவச வலைத்தளங்கள் நிறுத்தப்பட்டன. பெயரட்டையிலும் பெயர்ப்பலகையிலும் அம்முகவரியை அச்சிட்டிருந்தோர் அவற்றை மாற்ற வேண்டியதாயிற்று.

பாதுகாப்பு

சிறுவணிகரின் கணக்குகள் ஏமாற்றுக்காரர்களின் இலக்காக உள்ளன. பதிப்புரிமை மீறல் காரணமாகப் பக்கம் நீக்கப்படவுள்ளது என அச்சுறுத்தி, போலி இணைப்பில் கடவுச்சொல்லைக் கேட்பது ஒரு வழக்கமான முறையாகும். தொலைபேசிக்கு வந்த ஆறு இலக்கச் சரிபார்ப்பு எண்ணைக் கேட்டு வாட்சப் கணக்கைக் கைப்பற்றுவது மற்றொரு முறையாகும். பணம் செலுத்தியதாகப் போலியான திரைப்படத்தை அனுப்பிப் பொருளைப் பெறுவதும் நிகழ்கிறது. இதனைத் தவிர்க்க, வங்கிக் கணக்கில் பணம் வரவு வைக்கப்பட்டதைப் பார்த்த பின்னரே பொருளை அனுப்ப வேண்டும்.

இரட்டைச் சரிபார்ப்பை இயக்குதல், சரிபார்ப்பு எண்ணை எவருக்கும் தராதிருத்தல், பக்கத்திற்கு நம்பிக்கைக்குரிய இரண்டாவது நிருவாகி ஒருவரை வைத்திருத்தல் ஆகியன அடிப்படையான தற்காப்புகள் ஆகும். ஒரே நிருவாகியின் தனிக் கணக்கு முடங்கினால் கடையின் பக்கமும் எட்டாமல் போகும். கடையை விட்டு விலகிய பணியாளரின் நிருவாக உரிமையை உடனே நீக்குவதும் தேவையானது.

சட்டமும் நெறியும்

வாடிக்கையாளரின் பெயர், எண், முகவரி ஆகியவை தனிப்பட்ட தரவுகள் ஆகும். இந்தியாவில் எண்ணிம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 இல் நிறைவேற்றப்பட்டது. அதற்கான விதிகள் நவம்பர் 2025 இல் அறிவிக்கப்பட்டு, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. இலங்கையில் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022 இல் இயற்றப்பட்டது. ஒப்புதல் பெற்றுச் செய்தி அனுப்புவதும், வேண்டாம் என்றவரைப் பட்டியலிலிருந்து நீக்குவதும் சட்டத்திற்கு அப்பால் நல்ல வணிக நெறியும் ஆகும்.

பணமோ தள்ளுபடியோ கொடுத்து நற்கருத்துகளைப் பெறுவது கூகுளின் விதிகளுக்கு முரணானது. இணையக் கருத்துரைகளுக்கான இந்தியத் தர நியமம் 2022 இல் வெளியிடப்பட்டது. அமெரிக்காவில் போலிக் கருத்துரைகளைத் தடை செய்யும் விதி அக்டோபர் 2024 இல் நடைமுறைக்கு வந்தது.

திரைப்படப் பாடல்களை விளம்பர நிகழ்படங்களில் சேர்ப்பது பதிப்புரிமைச் சிக்கலை உண்டாக்கும். இன்ஸ்டாகிராமில் தனிநபர் கணக்குகளுக்குக் கிடைக்கும் பாடல்கள் பல வணிகக் கணக்குகளுக்குக் கிடைப்பதில்லை. அவற்றுக்கு மாற்றாக வணிகப் பயன்பாட்டிற்கு அனுமதிக்கப்பட்ட இசைத்தொகுப்பு ஒன்றை மெட்டா வழங்குகிறது. இணையத்தில் கண்ட பிறருடைய படத்தைத் தம் பொருளின் படமாகக் காட்டுவது பதிப்புரிமை மீறலாவதுடன், வாங்குபவரை ஏமாற்றுவதும் ஆகும்.

கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

எல்லாத் தளங்களிலும் கணக்குத் தொடங்கி எதனையும் தொடர்ந்து நடத்தாமல் விடுவதைக் காட்டிலும், ஒன்றிரண்டைத் தேர்ந்து ஒழுங்காக நடத்துவது பயன் தரும். தேர்வு தொழிலின் தன்மையைப் பொறுத்தது. குழாய் பழுது பார்ப்பவர், மின்பணியாளர் போன்றோரை மக்கள் தேவை ஏற்படும்போது மட்டுமே தேடுவர். அவர்களுக்கு நிலப்படப் பதிவும் நேர்மையான கருத்துரைகளும் முதன்மையானவை. ஆடை, அணிகலன் விற்போருக்குப் படங்களை முதன்மையாகக் கொண்ட தளங்கள் ஏற்றவை. அன்றாடம் கேட்பு பெறும் உணவு, மளிகைத் தொழில்களுக்கு உரையாடல் கருவிகள் ஏற்றவை. செய்முறையை விளக்கக்கூடிய தொழில்களுக்கு யூடியூப் பொருந்தும்.

எந்தக் கருவியைத் தேர்ந்தாலும் அதனிடமிருந்து பிரிந்து நிற்கக்கூடிய சிலவற்றைச் சிறுவணிகர் தம்மிடம் வைத்திருப்பது இன்றியமையாதது. வாடிக்கையாளரின் ஒப்புதலுடன் திரட்டிய பெயர், தொலைபேசி எண் பட்டியலை ஓர் ஏட்டிலோ விரிதாளிலோ தனியே வைத்திருக்கலாம். படங்களின் மூலக் கோப்புகளையும் விலைப்பட்டியலையும் தம் கணினியிலோ நினைவகத்திலோ சேமிக்கலாம். பேஸ்புக், கூகுள் ஆகியவை பயனர் தம் தரவுகளைத் தரவிறக்கிக்கொள்ளும் வசதியை அளிக்கின்றன. ஆண்டுக்கு ஒருமுறையேனும் அதனைப் பயன்படுத்தலாம். வருமானம் இடம் கொடுக்குமாயின், ஆண்டுக் கட்டணம் செலுத்திச் சொந்த இணையப் பெயர் ஒன்றைப் பதிவு செய்து, அட்டையிலும் பலகையிலும் அதனையே அச்சிடலாம். அப்பெயர் எந்தத் தளத்திற்கு இட்டுச் செல்ல வேண்டும் என்பதை உரிமையாளர் வேண்டும்போது மாற்றிக்கொள்ள இயலும். சேவை ஒன்று நிறுத்தப்படும்போதும் இவ்வேற்பாடுகளைக் கொண்ட கடையின் வாடிக்கையாளர் தொடர்பு அறுபடுவதில்லை.